தரை எந்தக் கட்சி

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரியல்லவா பார்க்கிறார் இந்த மனுஷர். அடுத்தது வாலைத் தூக்கிப் பார்ப்பாரோ என்னவோ.

பச்சையம்மாள் இப்படி நினைத்தாளே தவிர, சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வேட்டியைக் கிழித்து மோவாயிலிருந்து உச்சந்தலைவரை இறுக்கிக் கட்டி, நாராயணவனத்துக்கு மேற்கேயிருந்து மாட்டு வண்டியிலும் பிறகு பஸ்ஸிலுமாக அவளைச் சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அந்தக் கட்டை இப்போதுதான் அவிழ்த்திருந்தார்கள். டாக்டர் ஞானசிங் அவளுடைய கீழுதட்டை விரலால் மடக்கி, ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்தார். பிறகு பின்னால் போய் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் தாடை எலும்பைக் காதிலிருந்து மோவாய்வரை தடவிக்கொண்டே வந்தார். தொலைந்த சில்லறையைத் துணிக்குள் தேடுகிறவர் போல அவ்வளவு நிதானமாக.

"வாயை மூடும்மா. மெதுவா. பல்லெல்லாம் முன்னே மாதிரி ஒண்ணா சேருதா?"

மூடிப் பார்த்தாள். கடைவாய்ப் பற்கள் முட்டிக்கொண்டன. முன்பற்கள் சேரவே இல்லை. நடுவில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. பிறந்ததிலிருந்து அவளுடையதாக இருந்த வாய், அன்றைக்கு வேறு யாருடைய டப்பாவின் மூடியோ மாதிரி பொருந்தாமல் நின்றது. அதுதான் அவளுக்கு வலியைவிடப் பயமாக இருந்தது.

டாக்டர் தம் சுண்டு விரல்களை அவள் இரு காதுக்குள்ளும் விட்டு, "இப்ப தொற" என்றார். திறந்தாள். கண்ணில் பூச்சி பறந்தது.

"ரெண்டு காதுக்கு முன்னாலயும் தாடை மூட்டுக் கழுத்து ஒடிஞ்சிருக்கு" என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் தபீதாளிடம் சொன்னார். பிறகு அவள் முகத்தைத் தூக்கி, மோவாய்க்கு அடியில் இருந்த வெட்டுக் காயத்தைப் பார்த்தார். அதற்குள் செம்மண் அப்பியிருந்தது. "எப்படி ஆச்சும்மா?"

கேள்வி அவளிடம்தான் கேட்கப்பட்டது. பதில் வாசற்படியிலிருந்து வந்தது.

"அடிச்சிட்டாங்க சார்" என்றான் எத்திராஜ். அவள் புருஷனுக்குத் தம்பி. ஊர் எல்லைச் சங்கத்துக்குக் காரியதரிசி. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸ் ராஜ்யத்துக்கு என்று பேச்சு நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில், அவன் வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூட மைக்குக்கு முன்னால் நின்று கேட்பவன் மாதிரிதான் கேட்பான். "எங்க ஊர்ல காள வுட்டுக்கினு இருந்தோம். அந்தக் கட்சிக்காரனுங்க தடியோட வந்தானுங்க. ஒரு தமிழ்த் தாயின்னும் பாக்காம…"

"தடி எந்தப் பக்கம் பட்டுச்சு?"

எத்திராஜ் அவள் முகத்தை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான். "எல்லாப் பக்கமும் சார்."

"கன்னத்துல வீக்கம் இல்ல. தோல் கன்னிப்போகல. பக்கவாட்டுல தடியால அடிச்சா எலும்பு இங்க போகும், இல்ல இங்க போகும்." தம் தாடையிலேயே தொட்டுக் காட்டினார் டாக்டர். "இது கீழேர்ந்து வந்த அடி. மோவாய் தரையில மோதி, அந்த வேகம் மேல ஏறி ரெண்டு மூட்டையும் முறிச்சிருக்கு. தரைதான் அடிச்சிருக்கு."

அந்த நிமிஷத்தில் பச்சையம்மாளுக்கு அந்த டாக்டரை எழுந்து கும்பிடவேண்டும் போல இருந்தது. நடந்ததை நேரில் பார்க்காமல், எலும்பைத் தடவியே சொல்கிறாரே. இன்னும் கொஞ்சம் தடவினால் மீதியையும் சொல்லிவிடுவார். ஆனால் மீதி, எலும்பில் இல்லை.

மீதி இதுதான். அவர்கள் ஊரில் மாட்டுப் பொங்கலன்று காளைகளின் கொம்புக்கு நடுவே வண்ணம் பூசிய பலகையைக் கட்டித் தெருவில் விரட்டுவார்கள். ஓடுகிற காளையிடமிருந்து பலகையைப் பிடுங்கியவன் அதைத் தன் வீட்டு முன்சுவரில் மாட்டிக்கொள்வான். அடுத்த பொங்கல்வரை அவன் அந்த ஊரில் ஒரு ஆள். பிடுங்குவது ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் கதவிடுக்கில் நின்று பார்ப்பார்கள், அவர்களுக்கு வெந்நீர் வைப்பார்கள்.

கல்யாணமாகி வந்த நாளாய் பச்சையம்மாளும் கதவிடுக்கில் நின்றுதான் பார்த்தாள். பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். இந்த ஆண்கள் எல்லாரும் தெருவின் நேர்க்கோட்டில் நிற்கிறார்கள். அங்கே காளை தலையைத் தூக்கிக்கொண்டு பறக்கும். ஆனால் தெரு திரும்பும் இடத்தில், கிணற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்று குறுக்கே போகிறது. அங்கே வந்ததும் எந்தக் காளையாக இருந்தாலும் தலையைக் குனிந்து ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் தாண்டும். அந்த ஒரு மூச்சு நேரம் பலகை இடுப்புயரத்தில் இருக்கும். இதைப் புருஷன் முனிகிருஷ்ணனிடம் ஒரு தடவை சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, "நீ போய்ப் புடிச்சிக்கினு வாயேன்" என்றான்.

போனாள். வேறு காரணம் ஒன்றும் இல்லை. இந்தப் பொங்கலுக்கு, கங்காதர நெல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு மயிலைக் காளை எல்லார் கையையும் உதறிவிட்டு வந்தது. வாய்க்காலுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லின் மறைவில் பச்சையம்மாள் நின்றிருந்தாள். காளை குனிந்தது. அவள் கை நீட்டினாள். பலகை கையில் வந்தது. கயிறும் சுலபமாக அறுந்தது என்று சொல்ல ஆசைதான். அறுவதற்கு முன் அவளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு அறுந்தது. மோவாய் கரையில் மோதியது. ஆனால் கை பலகையை விடவில்லை. அவளைத் தூக்க ஓடிவந்த எத்திராஜ் முதலில் விரல்களைப் பிரித்துப் பலகையை எடுத்தான், அப்புறம்தான் அவளை எடுத்தான். பலகை இப்போது அவன் வீட்டு முன்சுவரில் தொங்குகிறது.

டாக்டர் மறுநாள் காலையில் கம்பி கட்டினார். ஊசி போட்டு ஈறு மரத்தபின், மெல்லிய கம்பியைப் பல்லிடுக்கில் நுழைத்து, பல்லைச் சுற்றி வளைத்து, குறடால் முறுக்கினார். மேலே ஒன்று, கீழே ஒன்று. பிறகு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி பொருந்துகிற இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்து, இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார். வேலிக்குப் படல் கட்டுகிற மாதிரி இருந்தது.

"சிவராத்திரி வரைக்கும் இந்தக் கதவு தொறக்காது" என்றார். "மூட்டு தானா கூடிக்கும். பேச்சு வேணாம். பால், மோர், வடிகட்டின கஞ்சி, ஆட்டுக்கால் சாறு. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு, அது வழியா ரப்பர் குழாயில போகும்."

தபீதாள் கம்பி வெட்டும் குறடு ஒன்றைக் கட்டில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டாள். "ஐயா, இவங்களுக்கு வாந்தி வந்தா மூச்சு அடைச்சிக்கும். நான் பக்கத்துல இல்லன்னா நீங்கதான் இதால கம்பிய வெட்டணும். தெரியுதா?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து முனிகிருஷ்ணன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அவள் விக்கினால் எழுந்து நின்றான். கொட்டாவி விடப் பார்த்தால் குறடைக் கையில் எடுத்தான். கல்யாணத்தின்போதுகூட இவ்வளவு நேரம் தன்னைப் பார்க்காத மனிதன் இப்படிப் பார்ப்பது அவளுக்குச் சங்கடமாகவும் இருந்தது, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. வாந்திக்காகத்தான் பார்க்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாய் மூடியிருக்கிறவளிடம் ஊரே வாய் திறக்கும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. பக்கத்துக் கட்டில்காரிகள் மாமியார் சண்டையைச் சொன்னார்கள். வார்டு கூட்டுகிறவள் தன் புருஷனின் இரண்டாம் வீட்டைப் பற்றிச் சொன்னாள். பதில் வராது என்றால் மனுஷர்களுக்கு எவ்வளவு தைரியம். நான் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் எத்தனை பேர் வாயை அடைத்திருந்தேனோ என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு பிடித்திருந்தது. கூடவே வேறொன்றும் புரிந்தது. பதில் சொல்லாதவளுக்காக மற்றவர்கள் பதில் சொல்லிக்கொள்வார்கள்.

எத்திராஜ் நகரியிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் ஆட்களை அழைத்து வந்தான். கட்டிலைச் சுற்றி நிறுத்தி, "இவங்கதான்" என்றான். வந்தவர்கள் கண் கலங்கினார்கள். அவள் குழாய்க்காக ஒரு விரலைத் தூக்கினால், "தனி ஆளா நின்னு தாங்கனேன்னு சொல்றாங்க" என்றான். இரண்டு விரலைத் தூக்கினால், "ரெண்டு ராஜ்யத்துக்கும் நாயம் கேக்கறாங்க" என்றான். கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "கோவம் தாங்கல" என்றான்.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. முறுக்கு கொண்டு வந்தார்கள். தட்டை கொண்டு வந்தார்கள். ஒருவர் ஒரு கட்டு கரும்பையே கொண்டுவந்து சாத்தினார். முனிகிருஷ்ணன் யாரையும் மனம் நோகவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்தான். அவன் முறுக்குக் கடிக்கிற சத்தம் அவள் காதுக்கு முன்னால் ஒடிந்த இடத்தில் போய்க் கேட்டது.

ஒரு நாள் திருப்பதியிலிருந்து கோவர்த்தனன் வந்தான். அந்தப் பக்கத்துச் சங்கத்தில் எத்திராஜ் மாதிரி அவன். வெள்ளை ஜிப்பா, கையில் லட்டு.

"அம்மா, நீங்க ஏமீ பயப்படக் கூடாது" என்றான் தெலுங்கும் தமிழுமாக. "மெட்ராஸோட சேரணும்னு கத்தறாங்களே, அவங்கதானே உங்கள அடிச்சது? நாக்கு தெலுசு, எனக்குத் தெரியும். நீங்க தலைய ஆட்டினா போதும். உங்க ஊரு ஆந்திராவுலதான் இருக்கும்."

தலையை ஆட்டக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவள் லட்டையே பார்த்தாள். பிரசாதம். மறுக்கவும் கூடாது, தின்னவும் முடியாது. முனிகிருஷ்ணன் அதையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து எத்திராஜ் உள்ளே வந்தான்.

"இன்னா கோவர்த்தனா, அடிச்ச கையோட லட்டு குடுக்க வந்தியா?"

"எவரு அடிச்சாங்கன்னு ஊருக்கே தெலுசு. உங்க ஆளுங்கதான்."

"எங்க அண்ணிய நாங்க ஏன்யா அடிக்கணும்?"

"மீட்டிங்ல பேசறதுக்கு. வேற எதுக்கு?"

கோவர்த்தனன் காரணத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான் என்று பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் காதோரம் கத்தி சொருகும். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்ததைப் பார்த்த முனிகிருஷ்ணன் லட்டும் வாயுமாக எழுந்து குறடை எடுத்தான். குறடைப் பார்த்த கோவர்த்தனன், தன்னை நோக்கித்தான் ஆயுதம் வருகிறதென்று இரண்டடி பின்வாங்கிக் கஞ்சி வாளியில் கால் வைத்தான்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார்.

"ரெண்டு பேரும் வெளிய நடங்க. இவங்கள அடிச்சது தரைன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். தரை எந்தக் கட்சின்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

அவர்கள் போனார்கள். வராந்தாவில் அதே சண்டை தொடர்ந்தது. பிறகு கொஞ்ச நேரத்தில் ஒருவனிடம் மற்றவன் நெருப்புப்பெட்டி கேட்கும் குரலும் கேட்டது.

அன்று சாயங்காலம் வார்டில் கூட்டம் ஓய்ந்திருந்தது. முனிகிருஷ்ணன் மோரை ஆற்றிக்கொண்டிருந்தான். பச்சையம்மாளுக்கு இனிமேல் தாங்காது என்று பட்டது. டாக்டர் பேச்சு வேண்டாம் என்றார். பேச முடியாது என்று சொல்லவில்லை. பல்லைக் கடித்தபடியே, உதட்டை மட்டும் அசைத்து, ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினாள்.

"பலகய நான்தான் புடுங்கனேன்."

முனிகிருஷ்ணன் மோரைக் கீழே வைத்தான். புரியவில்லையோ என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றான். "நான் பாத்தேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"மாட்டுக் கொட்டாய்ல நின்னுக்கினு இருந்தேன். நீ கல்லுக்குப் பின்னால போனப்பவே பாத்தேன். இவ இன்னா பண்றான்னு நெனச்சேன். அது தலைய எறக்குச்சு பாரு, நீ சொன்ன மாதிரியே…" அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. காளையைப் பார்க்கும்போது ஆண்களின் முகத்தில் வருவது. வந்தது உடனே போய்விட்டது. "ஆனா வெளிய சொல்லாத புள்ள. பொண்டாட்டி காளய புடிச்சா, புருஷன் இன்னா பண்ணிக்கினு இருந்தான்னு கேப்பானுங்க. நான் கொட்டாய்ல நின்னுக்கினு இருந்தேன்னு சொல்லவா?"

அப்போது அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பார்த்திருக்கிறான் என்பதே முதலில் வந்து மனசில் உட்கார்ந்துகொண்டது. அவளுடைய வாழ்க்கையில் அவள் செய்த ஒரே ஒரு பெரிய காரியம், அதைப் பார்த்த கண் ஒன்று இருக்கிறது. இரவு முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே படுத்திருந்தாள். விடியும்போதுதான் இன்னொன்று மெல்ல உறைத்தது. பார்த்தவனும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால், அது நடந்ததாகவே ஆகாது. இவர்கள் எல்லாரும் சேர்ந்து அவளிடமிருந்து பிடுங்குவது பலகையை அல்ல. மோவாய் கூடிவிடும். அவள் மட்டும் ஆயுசுக்கும் யாரோ அடித்துப் போட்டவளாகவே கிடப்பாள்.

சிவராத்திரிக்கு மறுநாள் டாக்டர் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். தட்டில் அவை கிணுகிணுவென்று விழுந்தன. "மெதுவா தொற" என்றார். கதவு துருப்பிடித்திருந்தது. ஒரு விரல் கனம்தான் திறந்தது. "இப்ப மூடு. எப்படி சேருது?"

மூடினாள். முன்பல்லும் முன்பல்லும் சேர்ந்தன. அவளுடைய டப்பா, அவளுடைய மூடி. நாக்கால் உள்ளே எல்லா மூலையையும் தடவிப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நல்ல வாய்" என்றார் டாக்டர் தம் வேலையை மெச்சிக்கொண்டு. தட்டையான மெல்லிய குச்சிகளைக் கொடுத்து, தினமும் பல்லிடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயைப் பழக்கும்படி சொன்னார். "இனிமே பேசலாம். இவ்வளவு நாள் சேர்த்து வெச்சதெல்லாம் ஒரே நாள்ல பேசிடாதீங்க, மூட்டு வலிக்கும்."

டாக்டர் போனதும் எத்திராஜ் வந்தான். தோளில் புது மேல்துண்டு. அவன் கையில், தபீதாள் முன்பு அவிழ்த்து வைத்த பழைய கட்டுத் துணி, துவைத்து மடித்தபடி இருந்தது.

"அண்ணி, நாளைக்குப் புத்தூர்ல மீட்டிங். எல்லை விஷயமா பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வராங்க. நீங்க ஒரு வார்த்த பேச வேணாம். வாய் வலிக்கும், எனக்குத் தெரியும். இந்தக் கட்ட மட்டும் ஒரு தடவ கட்டிக்கினு மேடையில உக்காருங்க. மத்தத நான் பேசிக்கறேன்."

பச்சையம்மாள் அந்தத் துணியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். முனிகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம ஊரு நம்ம பக்கம் போவணும்னுதானே கேக்கறான்" என்றான் மெதுவாக. "ஒரு மணி நேரம். உக்காந்துட்டு வந்துடு."

ஊர் அந்தப் பக்கம் போனால் அவளுக்கும் சந்தோஷம்தான். அவளைப் பெற்ற நைனா கடைசிவரை கையெழுத்தைத் தமிழில்தான் போட்டார். கோவர்த்தனன் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. தான் போய் உட்காராததால் ஊர் போய்விட்டதென்று நாளைக்கு இவர்கள் சொல்லவும் சொல்வார்கள். சொல்லட்டும் என்று நினைப்பது எளிதாக இல்லை. ஆனால் அந்த மேடையை நினைத்துப் பார்த்தாள். அத்தனை கண்களும் தன்மேல் இரக்கமாகப் படுவதை நினைத்துப் பார்த்தாள். அந்தக் கண்களில் ஒன்றுகூட, குனிந்த காளையையும் நீட்டிய கையையும் பார்க்காது.

"சரி சொல்லுங்க அண்ணி" என்றான் எத்திராஜ். "எங்க பலகயயும் எடுத்துக்கினு வந்து மேடையில மாட்டலாம்னு இருக்கேன்."

அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். கொஞ்சம்தான் திறந்தது. அதுவே போதுமாக இருந்தது. அவன் நீட்டிய துணியை அவனுடைய கையிலேயே மெல்ல மூடினாள்.

"வேணாம் தம்பி" என்றாள். "என்னை யாரும் அடிக்கல. நான் வரமாட்டேன்."